காலத்தைக் கணித்த சாமிக்கண்ணுப் பிள்ளை

காலம் கண்ணுக்குப் புலப்படாதது. கையால் பற்ற இயலாதது. எனினும் அதனை அளந்தறிய மக்கள் பண்டுதொட்டு முயன்று வந்துள்ளனர். ஞாயிற்றின் தோற்றமும் மறைவும் நாளைக் காட்டின. திங்களின் வளர்வும் தேய்வும் மாதத்தைக் காட்டின. பருவங்களின் சுழற்சி ஆண்டைக் காட்டிற்று. வானமே மக்கள் கண்ட முதற் கடிகாரம். அதுவே அவர்கள் கற்ற முதற் பஞ்சாங்கம். அவ்வானத்தின் ஒழுங்கினை எண்ணாக மாற்றி, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளின் நாள்களை அட்டவணையில் அடக்கித் தந்த தமிழர் ஒருவர் உளர். அவரே திவான் பகதூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை ஆவர். அவர்தம் வாழ்வையும் பணியையும் இப்பாடத்தில் காண்போம்.

கல்லில் எழுதிய நாள்

தமிழ்நாட்டுக் கோயிற் சுவர்களில் எண்ணிறந்த கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. கொங்கு நாட்டில் பேரூர், அவினாசி முதலிய ஊர்க் கோயில்களிலும் கொங்கு சோழர் காலத்துக் கல்வெட்டுகளைக் காணலாம். நிலம் ஈந்தவர், விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவர், குளம் வெட்டியவர் ஆகியோரின் அறச்செயல்களை அவை கூறும். அவ்வறம் நிகழ்ந்த நாளையும் அவற்றுட் பல குறிப்பிடும். ஆனால் அந்நாளைக் குறிக்கும் முறை நாம் இக்காலத்தில் குறிக்கும் முறையன்று. இன்ன அரசன் ஆட்சியில் இத்தனையாம் ஆண்டு, இன்ன மாதம், வளர்பிறை அல்லது தேய்பிறையில் இன்ன திதி, இன்ன கிழமை, இன்ன விண்மீன் என்று அவை கூறும். அக்காலத்து ஊரார்க்கு அது தெளிவாக விளங்கிற்று. நூற்றாண்டுகள் கழிந்தபின் படிப்பார்க்கோ அவ்வரசன் எக்காலத்தவன் என்பதே ஐயமாயிற்று.

ஒரே பெயர் பூண்ட அரசர் பலர் இருந்தமையால் அவ்வையம் பெருகிற்று. பாண்டிய மன்னருள் சடையவர்மன், மாறவர்மன் என்னும் பட்டங்கள் மாறி மாறி வரும். சுந்தரபாண்டியன், குலசேகரன், வீரபாண்டியன் என்னும் பெயர்கள் மீண்டும் மீண்டும் வரும். ஒரு கல்வெட்டில் உள்ள சுந்தரபாண்டியன் எவன் என்று பெயரைக் கொண்டு துணிதல் அரிது.

பனையோலை ஆவணங்களில் வேறோர் இடர்ப்பாடு உண்டு. பிரபவ முதல் அட்சய ஈறாக உள்ள தமிழ் ஆண்டுப் பெயர்கள் 60. அப்பெயர்கள் சுற்றிச் சுற்றி வருவன. இரத்தாட்சி என்று மட்டும் எழுதிய ஓர் ஆவணம் 1864-இல் தொடங்கிய ஆண்டினதா, 1924-இல் தொடங்கிய ஆண்டினதா என்று அப்பெயர் சொல்லாது. ஓர் ஆவணத்தின் காலம் 60 ஆண்டு முன்பின்னாகப் பிறழுமாயின், நிலத்தின் உரிமையே ஒரு குடும்பத்தை விட்டு மற்றொரு குடும்பத்துக்குப் போய்விடும் அன்றோ?

இவற்றோடு ஆண்டுக் கணக்குகள் பலவும் நம் நாட்டில் வழங்கின. கலியாண்டு கி.மு. 3102-இல் தொடங்குவது. விக்கிரம ஆண்டு கி.மு. 57-இலும், சக ஆண்டு கி.பி. 78-இலும், கொல்லம் ஆண்டு கி.பி. 825-இலும் தொடங்குவன. இசுலாமியரின் இசிரி ஆண்டு கி.பி. 622-இல் தொடங்கித் திங்களின் ஓட்டத்தை மட்டும் பின்பற்றுவது. வருவாய்த் துறையார் பசலி ஆண்டினை எழுதினர். ஆங்கிலக் கணக்கும் ஒரே சீராக இல்லை. இங்கிலாந்து தன் பழைய கணக்கைத் திருத்தியபொழுது, 1752 செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று எழுதிற்று. இக்கணக்குகளையெல்லாம் ஒன்றோடொன்று இணைத்துக் காட்டுவார் இல்லையேல் வரலாறு இருளிற் கிடக்கும்.

பிறப்பும் பதவியும்

சாமிக்கண்ணுப் பிள்ளை 1865-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11-ஆம் நாள் பிறந்தார். அவர் கிறித்தவ சமயத்தினர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பட்டமும் சட்டத்தில் பி.எல். பட்டமும் பெற்றார், இலண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டமும் அவருக்கு உண்டு. அரசாங்கப் பணியில் அமர்ந்து படிப்படியாக உயர்ந்தார். சென்னை மாகாணக் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளராக விளங்கினார். பின்னர்ச் சட்டமன்றத்தின் செயலாளராகப் பணிபுரிந்தார். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராக வீற்றிருக்கும் பெருமை அவருக்கு வாய்த்தது. அப்பதவியில் இருக்கும்பொழுதே 1925-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 10-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

இப்பதவிகள் எல்லாம் பெருமைக்குரியனவே. ஆயினும் அவரை இன்றும் அறிஞர் நினைவுகூர்வது அவற்றால் அன்று. அலுவலகப் பணிகளுக்கிடையே அவர் மேற்கொண்ட காலக் கணிதமே அவர் பெயரை நிலைபெறச் செய்தது.

முன்னோர் சென்ற வழி

இத்துறையில் அவருக்கு முன்னரும் உழைத்தோர் உளர். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கணிதர் திங்களின் ஓட்டத்தை 248 வாக்கியங்களில் அடக்கி மனப்பாடம் செய்து வந்தனர். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஆதலின் வாக்கியத்தைச் சொன்னால் எண் தானே வெளிப்படும். 248 நாளில் திங்களின் விரைவும் மந்தமும் ஒன்பது முறை சுற்றி வருவதால், அவ்வாக்கியங்களை மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். இம்முறையினின்றே வாக்கியப் பஞ்சாங்கம் பெயர் பெற்றது.

முன்னர்ச் சென்னை வான் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஜான் வாரன் என்பார், 1825-இல் புதுச்சேரியில் இத்தகைய கணிதர் ஒருவரைக் கண்டார். அக்கணிதர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கூறி, அவ்வாண்டு நிகழவிருந்த திங்கள் மறைப்பினைக் கணித்துக் காட்டினார். மறைப்பின் தொடக்கத்தில் அவர் கணக்கு ஏறக்குறைய 4 நிமிடமே பிழைத்தது. முடிவிலும் ஒரு மணிக்குக் குறைவாகவே பிழைத்தது. அக்கணிதர் அம்முறையின் காரணங்களை அறிந்திலர் என்று வாரன் எழுதினார். அவ்வாறாயினும், முறை வழுவாது செய்தால் விடை பிறழாது என்பதற்கு அச்சோழிகளே சான்றாயின. வாரன் தாம் அறிந்தவற்றைக் காலசங்கலிதம் என்னும் நூலில் தொகுத்தார்.

பின்னர்ச் சங்கர பாலகிருட்டிண தீட்சிதரும் இராபர்ட் சிவெல் என்பாரும் சேர்ந்து 1896-இல் இந்தியப் பஞ்சாங்கம் பற்றிய பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். செருமானிய அறிஞர் கீல்ஹார்ன் கல்வெட்டு நாள்களைக் கணித்து அரசர் பலரின் காலத்தை வரையறுத்தார். இவர்கள் இட்ட அடித்தளத்தின் மீதே சாமிக்கண்ணுப் பிள்ளை தம் மாளிகையை எழுப்பினார்.

நாள்களை எண்ணும் முறை

காலக் கணிதம் கடினமானது என்று அஞ்சுவார் பலர். அதன் அடிப்படையோ மிக எளியது. ஓர் ஆண்டுக் கணக்கிலிருந்து மற்றோர் ஆண்டுக் கணக்குக்கு நேரே தாவுதல் ஆகாது. முதலில், ஒரு தொடக்க நாளிலிருந்து எத்தனை நாள் சென்றன என்று எண்ணுதல் வேண்டும். கலியாண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்டொகையினை நம் முன்னோர் அகர்கணம் என்றனர். நாட்டொகை கிடைத்துவிட்டால், அதனை 7-ஆல் வகுத்துக் கிழமையை அறியலாம். பிற கணக்குகளின் மாதத்தையும் தேதியையும் அதிலிருந்தே பெறலாம்.

இதனைச் சாமிக்கண்ணுப் பிள்ளையின் வாழ்நாளைக் கொண்டே கணித்துப் பார்ப்போம். அவர் பிறந்த நாள் சனிக்கிழமை. மறைந்த நாள் என்ன கிழமை? 1865 பிப்ரவரி 11 முதல் 1925 பிப்ரவரி 11 வரை 60 ஆண்டுகள். ஆண்டொன்றுக்கு 365 நாளாக 21,900 நாள் ஆகும். இனி மிகைநாள்களைக் கூட்டுதல் வேண்டும். 1868 முதல் 1924 வரை 4-ஆல் வகுபடும் ஆண்டுகள் 15. அவற்றுள் 1900 என்பது 100-ஆல் வகுபட்டும் 400-ஆல் வகுபடாமையின், அவ்வாண்டுக்கு மிகைநாள் இல்லை. எஞ்சியவை 14. ஆகவே 21,914 நாள். 1925 பிப்ரவரி 11 முதல் செப்டம்பர் 10 வரை 211 நாள். மொத்தம் 22,125. இதனை 7-ஆல் வகுத்தால் ஈவு 3,160; மீதி 5. சனிக்கு அடுத்து ஐந்தாவதாக வருவது வியாழன். அவர் மறைந்தது வியாழக்கிழமையே ஆகும். 1900-ஐப் பற்றிய விதியை மறந்திருப்போமாயின், விடை வெள்ளி என்று வந்திருக்கும். ஒரு விதியை மறந்ததன் பயன் ஒரு நாட் பிழை!

தமிழ் ஆண்டுக்கும் இத்தகைய கணக்கு உண்டு. ஆரியபட்டர் முறைப்படி ஓர் ஆண்டு என்பது 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை. 365-ல் 52 கிழமை வட்டங்களான 364 நாளைக் கழித்தால் ஒரு நாள் எஞ்சும். எனவே ஆண்டுதோறும் சித்திரைப் பிறப்பு 1 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை தள்ளிப்போகும். 60 ஆண்டுகளுக்கு இது 75 நாள் 31 நாழிகை 15 விநாழிகை ஆகும். அதில் 70-ஐ நீக்கினால் 5 நாள் 31 நாழிகை 15 விநாழிகை மிகும். ஒரு வட்டம் முடிந்து அதே பெயருடைய ஆண்டு மீண்டும் வரும்பொழுது, சித்திரைப் பிறப்பு அதே கிழமையில் அமையாமைக்கு இதுவே காரணம்.

திதியும் விண்மீனும்

ஞாயிற்றின் கணக்கு இங்ஙனம் எளிதாக முடியும். திங்களின் கணக்கோ அத்துணை எளிதன்று. ஞாயிற்றை விட்டுத் திங்கள் 12 பாகை விலகும் காலம் ஒரு திதி. ஒரு மாதத்தில் 30 திதிகள் உண்டு. ஆனால் திங்கள் ஒரே விரைவில் செல்வதில்லை. சிலபொழுது விரைந்தும் சிலபொழுது மெல்லவும் செல்லும். ஆதலின் ஒரு திதி 60 நாழிகைக்குக் குறையவும் கூடும், மிகவும் கூடும். ஒரு திதி காலையில் முடியலாம், நள்ளிரவில் முடியலாம், ஞாயிறு தோன்றும்பொழுது எந்தத் திதி நிற்கின்றதோ அதுவே அந்நாளின் திதி என்பது வழக்கு. விண்மீனும் அத்தகையதே. வானவட்டத்தை 27 பகுதிகளாக்கி, ஒவ்வொன்றும் 13 பாகை 20 கலை கொண்டது என்று வகுத்தனர். அவற்றுள் திங்கள் நிற்கும் பகுதியே அந்நாளின் விண்மீன் ஆகும்.

இனிக் கல்வெட்டின் நாளை எவ்வாறு காண்பது? வைகாசி மாதம், வளர்பிறை ஐந்தாம் திதி, புதன்கிழமை, புனர்பூசம் என்று ஒரு கல்வெட்டில் உள்ளதாகக் கொள்வோம். வைகாசியில் வளர்பிறை ஐந்தாம் திதி ஆண்டுதோறும் வரும். அது புதன்கிழமையாக அமைவது ஏழில் ஒரு முறை; அஃதாவது 100 ஆண்டில் ஏறக்குறைய 14 முறை. அவ்வாறு அமைந்த நாள்களிலும் புனர்பூசம் கூடுவது மூன்றில் ஒரு பங்கே. ஆகவே ஒரு நூற்றாண்டில் நாலைந்து நாள்களே தகுதியுடையனவாக நிற்கும். அதே அரசனின் வேறோர் ஆட்சியாண்டில் பொறித்த மற்றொரு கல்வெட்டினையும் எடுத்து, அதற்கும் இவ்வாறே பார்த்தல் வேண்டும். இரண்டுக்கும் பொருந்தும் தொடக்க ஆண்டு பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். மூன்றாவது கல்வெட்டும் ஒத்துவந்தால் ஐயம் நீங்கும்.

பெருநூல்கள்

இவ்வழி தெளிவானதே. ஆனால் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒவ்வோர் அறிஞரும் தாமே நூறு ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதென்றால் வாழ்நாள் போதாது. இதனை உணர்ந்த சாமிக்கண்ணுப் பிள்ளை, ஒருவர் ஒரு முறை கணித்து வைத்தால் பிறர் என்றும் பயன்கொள்ளலாம் என்று துணிந்தார். 1911-இல் அவர் இயற்றிய இந்தியக் காலவியல் என்னும் ஆங்கில நூல் சென்னையில் வெளிவந்தது. கி.மு. 1 முதல் கி.பி. 2000 வரை உள்ள ஆண்டுகளுக்குத் திதி, விண்மீன், கோள்நிலை ஆகியவற்றைக் காணும் அட்டவணைகளை அந்நூல் தந்தது. உயர்ந்த கணிதம் கல்லாதவரும் கூட்டலும் கழித்தலும் மட்டுமே கொண்டு விடை காணும்படி அவ்வட்டவணைகள் அமைந்தன.

அதனினும் பெரியது 1922-இல் சென்னை அரசாங்க அச்சகம் வெளியிட்ட இந்திய நாள்மீன் பட்டி என்னும் பல தொகுதி நூல். அது கி.பி. 700 முதல் 1799 வரை 1,100 ஆண்டுகளின் ஒவ்வொரு நாளையும் குறிக்கின்றது. அந்நாள்களின் தொகை 4 இலட்சத்துக்கும் மேற்பட்டது. ஒவ்வொரு நாளுக்கும் ஆங்கிலத் தேதி, கிழமை, திதி முடியும் நேரம், விண்மீன் முடியும் நேரம் ஆகியவற்றைக் காணலாம். கலி, சகம், விக்கிரமம், கொல்லம், இசிரி ஆகிய ஆண்டுகளும் அதில் உண்டு.

நேரத்தைக் குறிப்பதில் அவர் ஒரு நல்ல முறையைக் கையாண்டார். நாழிகை, விநாழிகை என்று எழுதாமல், நாளின் பகுதியைப் பதின்முறைப் பின்னமாக எழுதினார். அவர் முறையில் ·50 என்றால் அரை நாள். அஃதாவது 30 நாழிகை. ·25 என்றால் கால் நாள்; அஃதாவது 15 நாழிகை. இதனால் கூட்டுவதும் கழிப்பதும் எளிதாயின. கல்வெட்டு ஆராய்ச்சியாளர் நாள் குறிக்கும்பொழுது, திதியும் விண்மீனும் முடியும் நேரத்தை இப்பின்னத்தால் எழுதும் வழக்கத்தை மேற்கொண்டனர். 

கிறித்தவராகிய அவர் இந்துக்களின் பஞ்சாங்கத்தையும் இசுலாமியரின் இசிரிக் கணக்கையும் ஒரே கருத்தோடு ஆராய்ந்தார். வானம் யாவர்க்கும் பொது அன்றோ? அதன் கணக்கும் பொதுவே என்பது அவர் நூலைப் புரட்டுவார்க்கு விளங்கும்.

பாண்டியர் வரலாறு

இந்நூல்களின் பயன் பாண்டியர் வரலாற்றிற் புலப்பட்டது. முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் 1251-இல் ஆட்சி தொடங்கினான் என்று கீல்ஹார்ன் கணித்திருந்தார். சாமிக்கண்ணுப் பிள்ளை மேலும் பல கல்வெட்டுகளை எடுத்து ஆராய்ந்து, பாண்டியர் கால வரிசையைப் பற்றி 1913-இல் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். பெயரால் ஒன்றாகத் தோன்றிய அரசர்கள் காலத்தால் வெவ்வேறாகப் பிரிந்தனர்.

எல்லாக் கல்வெட்டுகளும் கணக்குக்கு இணங்கி வரவில்லை. வளர்பிறை என்று பொறிக்க வேண்டிய இடத்தில் தேய்பிறை என்று சிற்றுளி தவறியதும் உண்டு. திதியின் எண் பிறழ்ந்ததும் உண்டு. அத்தகையவற்றைப் பொருந்தாதவை என்று குறித்து, எங்கே பிழை நேர்ந்திருக்கலாம் என்று காட்டுதலே ஆராய்ச்சியாளர் கடமை. பிற்காலத்தில் குடந்தை ந. சேதுராமன் இவ்வட்டவணைகளின் துணையால் பாண்டியர் காலத்தை மீண்டும் ஆராய்ந்து, 1978-இல் ஒரு நூல் வெளியிட்டார். முன்னோர் முடிவுகள் சிலவற்றைத் திருத்தவும் செய்தார். முன்னவர் செய்த கருவியைக் கொண்டே பின்னவர் முன்னவரைத் திருத்துவது அறிவுலகின் அழகு.

இலக்கியக் காலமும் எழுந்த மறுப்பும்

கல்வெட்டோடு நில்லாமல் இலக்கியங்களின் காலத்தையும் கணிக்க அவர் முற்பட்டார். பரிபாடலின் பதினோராம் பாடல் வையையில் புதுவெள்ளம் வந்த நாளின் கோள்நிலைகளைக் கூறுகின்றது. அந்நிலைகளைக் கணித்த சாமிக்கண்ணுப் பிள்ளை, அந்நாள் கி.பி. 634-ஆம் ஆண்டு சூன் 17 என்று முடிவு கூறினார். மதுரை எரியுண்ட நாள் ஆடித் திங்கள், தேய்பிறை எட்டாம் திதி, கார்த்திகை, வெள்ளிக்கிழமை என்று சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம். அதனைக் கொண்டு அவர் கி.பி. 756-ஆம் ஆண்டு சூலை 23-ஐக் குறித்தார்.

இம்முடிவுகள் தமிழறிஞரிடையே பெரும் வாதத்தை எழுப்பின. சங்க இலக்கியத்தின் தொன்மையே இதனால் ஐயத்துக்கு உள்ளாயிற்று. பலர் அவற்றை ஏற்கவில்லை. இன்றும் பெரும்பாலார் ஏற்பதில்லை. அவர்கள் கூறிய காரணங்கள் சிந்திக்கத்தக்கவை. பாடலில் உள்ள கோள்நிலைக்குப் பொருள்கொள்ளும் முறையிலேயே வேறுபாடு உண்டு. புலவர் தாம் கண்ட வானத்தைப் பாடினாரா, நூல்வழி அறிந்த நிலையைப் பாடினாரா என்பதும் துணிதற்கு அரிது. ஆடித் தேய்பிறை எட்டாம் நாளில் கார்த்திகையும் வெள்ளியும் கூடுவது, முற்கூறிய எடுத்துக்காட்டிற் போல, ஒரு நூற்றாண்டில் சில முறை நிகழ்வதே. ஆகவே அது 756-க்கு மட்டும் உரியதன்று. சிலப்பதிகாரத்தில் வரும் இலங்கைக் கயவாகு மன்னனைக் கொண்டு அக்காப்பியம் கூறும் நிகழ்ச்சிகளை இரண்டாம் நூற்றாண்டில் வைப்பாரும் உளர்.

இங்கே ஓர் உண்மையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். 756 சூலை 23 வெள்ளிக்கிழமை என்பது கணக்கில் பிழையற்றது. எவர் எண்ணினும் அதே கிழமை வரும். ஆயினும் மதுரை எரிந்த நாள் அதுதானா என்பது கணக்கால் மட்டும் முடியும் செய்தியன்று. அதற்கு மொழியின் வளர்ச்சி, அரசர் வரிசை, அயல்நாட்டார் குறிப்பு ஆகியன அனைத்தும் சான்று கூறுதல் வேண்டும். விடை சரியாக இருந்தும் வினா பிழையாக அமைதல் கூடும். கணக்குக்கும் கருத்துக்கும் இடையே உள்ள இவ்வேற்றுமையைச் சாமிக்கண்ணுப் பிள்ளையின் வரலாறு நமக்கு விளங்கக் காட்டுகின்றது. அவர் தம் அட்டவணைகளை மறைக்காமல் உலகுக்கு வழங்கினார். ஆதலின் அவரை மறுத்தோரும் அவர் அட்டவணையைக் கொண்டே மறுக்க முடிந்தது.

கணினியும் காலக் கணக்கும்

இக்காலத்தில் இப்பணியைக் கணினி செய்கின்றது. கோயம்புத்தூர் நகரின் பகுதியாகிய பீளமேடு, பஞ்சாலைகளாலும் தொழிலகங்களாலும் சிறந்த ஊர். அங்கு 1951-இல் தொடங்கிய பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற கல்லூரிகளில் மாணவர் கணினிக்கு நிரல் எழுதக் கற்கின்றனர். நிரல் என்பது யாது? இன்னதைச் செய்க, இன்னது வந்தால் இன்ன வழியே செல்க என்று கணினிக்கு வரிசைப்படுத்திக் கூறும் கட்டளைத் தொகுதியே நிரல் ஆகும். தேதிக்கு நிரல் எழுதுவோரும் முதலில் நாட்டொகையை எண்ணுவர். பின்னர் அதனை வகுத்துக் கிழமையையும் பிற கணக்கின் தேதியையும் காண்பர். அகர்கணம் என்று முன்னோர் கூறிய முறையும் இதுவே. டெர்ஷோவிட்சு, ரைன்கோல்டு என்னும் இரு கணினி அறிஞர் 1997-இல் வெளியிட்ட நூலில், உலகின் பல பஞ்சாங்கங்களையும் இம்முறையால் இணைத்தனர். இந்தியப் பஞ்சாங்கங்களும் அவற்றுள் அடங்கும். புதுச்சேரிக் கணிதரின் சோழியும், சாமிக்கண்ணுப் பிள்ளையின் அட்டவணையும், இன்றைய நிரலும் ஒரே நெறியின் மூன்று வடிவங்கள்.

கணினி விரைவிற் சிறந்தது; ஆனால் கூறியதை மட்டுமே செய்வது. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் நிரல் எழுதியோர் பலர், ஆண்டினை ஈரிலக்கத்தால் குறித்தனர். 99-க்குப் பின் 00 வரும்பொழுது கணினி அதனை 1900 என்று கொள்ளுமோ என்று உலகெங்கும் அச்சம் எழுந்தது. அதனைத் திருத்தப் பல்லாயிரவர் உழைத்தனர். 100-ஆல் வகுபடும் ஆண்டுக்கு மிகைநாள் இல்லை என்று மட்டும் எழுதி, 400-ஆல் வகுபட்டால் உண்டு என்பதை விட்டுவிட்ட நிரல், 2000 பிப்ரவரி 29-ஐ அறியாது. சாமிக்கண்ணுப் பிள்ளை 1911-இலேயே தம் அட்டவணையை 2000 வரை அமைத்திருந்தார் என்பதை எண்ணும்பொழுது நமக்கு வியப்பு உண்டாகின்றது.

முடிவுரை

சாமிக்கண்ணுப் பிள்ளை இரத்தாட்சி ஆண்டிற் பிறந்தார். அவ்வாண்டு ஒரு வட்டம் சுற்றி மீண்டும் வந்து கழிந்த பின், குரோதன ஆண்டு ஆவணி மாதத்தில் மறைந்தார். 60 ஆண்டும் சில மாதங்களும் கொண்ட அவ்வாழ்நாளில் அவர் எண்ணி வைத்த நாள்களோ இலட்சக்கணக்கானவை. அவர் பிறந்து மறைந்தது வரை சென்ற 22,125 நாள்களைக் கணக்கால் எளிதில் காணலாம். அந்நாள்களை எவ்வாறு பயன்படுத்தினார் என்பதை எந்தக் கணக்கும் காட்டாது. அவர் விட்டுச் சென்ற நூல்களே காட்டும்.

மாணவர்களே! அவரிடமிருந்து நாம் கற்கத்தக்கவை மூன்று. ஒருவர் பட்ட உழைப்பு பலர்க்கும் பயன்படுமாறு அதனை முறைப்படுத்தி வைத்தல் வேண்டும். சிறு விதி ஒன்றையும் சோம்பலால் கைவிடுதல் ஆகாது. விடை சரியாக வந்த பின்னும், நாம் கேட்ட வினா சரியானதா என்று மீண்டும் ஒரு முறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நாளையும் கோளையும் கணிப்பார்க்கு மட்டுமன்றி, எத்துறையில் புகுவார்க்கும் இவை துணையாவன.